வாசனை: சரி

கிண்டியில் ஒரு பயிற்சி நிலையத்தில் பிளாஸ்டிக் தொழில் படிக்கும் பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று போன மாதம் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசுவதற்கு முன்னால் பரிசோதனைக்கூடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு பெண் துப்பாக்கி போன்ற ஒரு கருவியை எடுத்து, மேஜைமேல் கிடந்த பாட்டில் மூடியைக் குறிவைத்தாள். இரண்டு விநாடிதான். அது என்ன பிளாஸ்டிக் என்று கருவியின் திரையில் பெயர் வந்துவிட்டது. பிறகு என்னிடம், "உங்க காலத்துல இதை எப்படி மேடம் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாள்.

"கொளுத்தி மோந்து பார்ப்போம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் மேடையில் ஏறியதும் மனதில் இருந்ததைச் சொல்லவில்லை. உழைப்பு, ஒழுக்கம் என்று எல்லோரும் சொல்வதையே நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நான் வேதியியலில் பட்டம் வாங்கியதும் டீச்சர் வேலைக்குத்தான் போவேன் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானோ குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பரிசோதனை உதவியாளராகச் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. "எஸ்தர் படிச்ச படிப்புக்கு பக்கெட் கம்பெனியா?" என்று எங்கள் சர்ச் சபையில் கேட்காத ஆள் இல்லை. ரயிலில் இரண்டே ஸ்டேஷன். இறங்கியவுடன் தோல் பதனிடும் இடத்து நாற்றம் வந்து முகத்தில் அறையும். ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

முதல் ஆறு மாதம் கற்றுக்கொண்டதை ஒரே பத்தியில் சொல்லிவிடலாம். பிளாஸ்டிக்கில் இரண்டு சாதி. ஒன்று இட்லி மாதிரி. ஒரு தடவை வெந்துவிட்டால் மறுபடி மாவாகாது. பேக்கலைட் அந்த வகை. அதன் தூளைச் சூடான அச்சில் கொட்டி, பிரஸ்ஸில் வைத்து இரண்டு நிமிஷம் அழுத்தினால் சுவிட்ச், பிளக், குக்கர் கைப்பிடி எல்லாம் வரும். இன்னொன்று வெல்லம் மாதிரி. எத்தனை தடவை வேண்டுமானாலும் உருக்கலாம், உறைய வைக்கலாம். பக்கெட்டுக்கும் டம்ளருக்கும் பாலிதீன், சோப்புப் பெட்டிக்கு பாலிஸ்டைரீன், குழாய்க்கும் செருப்பு வாருக்கும் பி.வி.சி. இவை குருணையாக வரும். மெஷின் தலையில் இருக்கும் புனலில் கொட்டினால் சூடான உருளைக்குள் இறங்கி உருகும். ஓர் ஆள் கைப்பிடியைத் தன் முழு எடையும் போட்டு இழுப்பார். உருகியது அச்சுக்குள் பாயும், தண்ணீரில் குளிரும், அச்சைத் திறந்தால் டம்ளர். முதல்முறை பார்த்தபோது நான் கைதட்டிவிட்டேன். மெஷின்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

புதுக் குருணை அரசாங்க லைசென்ஸ் இருந்தால் மட்டுமே கிடைக்கும் சரக்கு. எப்போதும் பற்றாது. அதனால் எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகள் காயலான் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய சாமான் வாங்கி, கழுவி, அரைத்து, மறுபடி உருக்குவோம். பின்பக்கக் கொட்டகையில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மிதப்பது பாலிதீன். தரையில் தட்டினால் தகரம் போல ஒலிப்பது பாலிஸ்டைரீன். அதிலும் தீராத சந்தேகம் என்றால் தீ. கொளுத்தி அணைத்தால் பாலிதீன் அப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தி வாசனை தரும். நைலான் தலைமயிர் கருகும் வாசனை. பி.வி.சி. என்றால் மூக்கில் ஊசி குத்தும்.

இதற்கெல்லாம் மேல் ஒரு பரிசோதனை உண்டு. பிளாஸ்டிக் எது என்பது வேறு, அதில் முன்னால் எதை வைத்திருந்தார்கள் என்பது வேறு. பாலிதீன் தனக்குள் வைத்ததை உறிஞ்சிக்கொள்ளும். மண்ணெண்ணெய் வைத்த டப்பாவைச் சோடா உப்பு போட்டு எத்தனை தடவை கழுவினாலும் மண்ணெண்ணெய் போகாது. வாசனை அடிக்கும் மூட்டையைத் தனியே எடுத்துக் கறுப்புச் சாயம் போட்டு வடிகால் குழாய்க்கு அனுப்பிவிடுவோம். வாசனை இல்லாததுதான் டம்ளருக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் போகும். அந்த முடிவைச் சொல்பவர் எங்கள் சூப்பர்வைசர் ஞானமுத்து சார்.

சாருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. அரைக்கைச் சட்டை, கஞ்சி போட்டு மடித்த கைக்குட்டை. அதிர்ந்து பேச மாட்டார். ஒவ்வொரு மூட்டையிலும் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று துண்டு எடுப்பார். முதலில் தண்ணீர். அப்புறம் ஸ்பிரிட் விளக்கில் பிடித்து, ஐந்து எண்ணி, ஊதி அணைப்பார். புகையைக் கையால் மூக்குப் பக்கம் மூன்று தடவை தள்ளுவார். கடைசியில் கொளுத்தாத துண்டை வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டு, ஆவியை மோந்து பார்ப்பார். பக்கத்தில் நான் பதிவேட்டோடு நிற்பேன். மோந்ததும் நிமிர்ந்து என் முகத்தை ஒரு கணம் பார்ப்பார். நான் பேனாவோடு தயாராக இருக்கிறேனா என்று பார்க்கிறார் என்று எண்ணிக்கொள்வேன். பிறகு, "எழுதும்மா" என்பார். தண்ணீர்: மிதக்கிறது. தீ: மெழுகு. வாசனை: சரி. கீழே என் கையெழுத்து, அதற்கும் கீழே அவருடையது.

அவர் மோந்து பார்த்த மூட்டையை வேறு யாரும் மோந்து பார்ப்பது கிடையாது. எழுதாத சட்டம் அது. அவர் மூக்குக்குப் பேட்டை முழுக்கப் பெயர். அவர் பாஸ் செய்த சரக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். நான் சேர்ந்து மூன்று வருஷத்தில் ஃபினாயில் டப்பா, தலைவலித் தைலம், மாட்டு மருந்து என்று எத்தனையோ மூட்டைகளை அவர் ஒதுக்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூடத் தப்பியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளைப் பாலிதீன் டப்பா எட்டு மூட்டை வந்தது. காயலான் கடைக்காரர் எல்லாவற்றையும் இரண்டாக வெட்டி, லேபிளைச் சுரண்டி எடுத்துத்தான் அனுப்பியிருந்தார். பளிச்சென்ற சரக்கு. ஒரு பால்வாடிக்குச் சின்ன டம்ளர் வேண்டுமென்று ஆர்டர் இருந்தது. அதற்கு இது போதும் போதும் என்றிருந்தது. எனக்கு அன்றைக்குப் பயங்கர ஜலதோஷம். மூக்கு முகத்தில் இருந்தது, அவ்வளவுதான். வாயைத் திறந்துகொண்டு மூச்சு விட்டபடி பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சார் எட்டு மூட்டையையும் வழக்கம்போல நிதானமாகப் பார்த்தார். எட்டு தடவை நிமிர்ந்தார். எட்டு தடவை "எழுதும்மா" என்றார். நானும் எழுதினேன்.

மத்தியானம் கொட்டகைப் பக்கம் போனபோது கன்னியம்மா என்னைக் கூப்பிட்டாள். தொட்டியில் கழுவுகிற வேலை அவளுடையது. பல்லாவரத்துக்காரி, புருஷன் ரிக்‌ஷா ஓட்டுகிறவன், இரண்டு பெண் குழந்தைகள். முழங்கை வரை கையை வெந்நீரில் விட்டபடியே பேசுவாள்.

"எஸ்தரம்மா, இதுல இன்னாமோ பூண்டு நாத்தம் அடிக்குதும்மா. தண்ணி காய காய சாஸ்தியா கீது. சாராண்ட ஒரு வார்த்த சொல்றியா?"

"சார் பார்த்துட்டார் கன்னியம்மா. நீ மத்தியானம் பூண்டுக் குழம்பு சாப்பிட்டிருப்பே" என்றேன். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு மறுபடி தொட்டிக்குள் கையை விட்டாள். சாயங்காலம் வரை எட்டு மூட்டையும் அவள்தான் கழுவினாள்.

மறுநாள் காலை பத்து மணி சுமாருக்குக் கொட்டகையிலிருந்து சத்தம் கேட்டு ஓடினேன். கன்னியம்மா தொட்டியடியில் சுருண்டு கிடந்தாள். வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டே இருந்தது. உடம்பெல்லாம் வியர்வை. கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. ராத்திரியே தலைவலி, வாந்தி என்றாளாம். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போனதுதான் என்று வேலைக்கு வந்துவிட்டாளாம். கம்பெனி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் தலை என் மடியில். அவள் கண்ணைப் பார்த்து நான் மிரண்டுவிட்டேன். கருவிழிக்குள் இருக்கும் பாவை கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

டாக்டர் இளவயதுக்காரர். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்த உடனே, "பூச்சிமருந்து குடிச்சிருக்காளா?" என்று கேட்டார். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த அவள் புருஷன், "என் பொண்டாட்டி அப்டிப்பட்டவ இல்ல சார், நேத்து ராத்திரிகூட எங்களுக்கு சோறு போட்டா சார்" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் எங்கள் கம்பெனியில் பழைய டப்பா கழுவுகிறவள் என்று நான் சொன்னேன். டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

"ஒரு ஊசி போட்டிருக்கேன். பூச்சிமருந்துதான்னா கால்மணிக்கு ஒரு தடவை போட்டுக்கிட்டே இருக்கணும். அது இல்லேன்னா இந்த ஊசியே அவளை முடிச்சிடும். அவ கழுவின டப்பாவுல என்ன இருந்துச்சு? அதைத் தெரிஞ்சுக்கிட்டு சீக்கிரம் வாங்க."

நான் அதே வேனில் திரும்பி ஓடினேன். ஞானமுத்து சார் பரிசோதனை அறையில் இருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் பதிவேட்டைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டினார். வாசனை: சரி, எட்டு தடவை. எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் சார் என்று கெஞ்சினேன். கொட்டகைக்குப் போய், கழுவாமல் ஓரத்தில் விழுந்து கிடந்த ஒரு டப்பாத் துண்டை எடுத்து வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டோம். ஆவி எழுந்தது. என் மூக்கு இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சார் குனிந்தார். மூன்று தடவை கையால் ஆவியைத் தள்ளினார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

அவருக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்ற பட்டு என்ற பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் பொத்திக்கொண்டிருந்தாள். "அய்ய, இன்னா நாத்தம்! பூண்ட நசுக்கிப் போட்டாப்பல" என்றாள் பட்டு.

சார் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது. மூன்று வருஷமாக அவர் நிமிர்ந்து பார்த்தது என் பேனாவை அல்ல. நான் மூக்கைச் சுளிக்கிறேனா என்று பார்த்திருக்கிறார். ஃபினாயிலையும் தைலத்தையும் மாட்டு மருந்தையும் கண்டுபிடித்தது அவர் இல்லை, என் முகம். நேற்று என் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஜலதோஷம். அவர் என்னை நம்பி "எழுதும்மா" என்றார். நான் அவரை நம்பிக் கன்னியம்மாவைக் கேலி செய்தேன்.

"சார், உங்களுக்கு வாசனை தெரியாதா?" என்று கேட்டேன்.

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேக்கலைட் பிரஸ்லேயே பதினாலு வருஷம் நின்னேன்மா. அந்தப் புகை... ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டுல கேக் வெந்துக்கிட்டிருக்கு. பசங்க அடுப்பைச் சுத்திச் சுத்தி வருதுங்க. எனக்கு மட்டும் ஒண்ணும் வரல. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார். வெளியே சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தன என்றும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதிர்ச்சியில் கோபத்துக்கு இடமே இல்லை. "டாக்டர் காத்துக்கிட்டிருக்கார் சார்" என்றேன். அவர் அந்தத் துண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வேனில் ஏறினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் நின்று, "பூச்சிமருந்து டப்பாதான் சார். மோந்து பாக்காம நான்தான் பாஸ் பண்ணினேன்" என்றார். டாக்டர் காகிதத்தைப் பிரித்து ஒரு தடவை மோந்தார். பூச்சிமருந்துக்கே உரிய அந்தப் பூண்டு நாற்றத்தில் முகம் மாறியது. உள்ளே பார்த்து நர்ஸிடம் அடுத்த ஊசி என்றார். தான் கேட்ட கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க டாக்டருக்கு அரை விநாடிகூட ஆகவில்லை. எங்கள் கம்பெனியில் அதற்கு ஒன்றரை நாள் ஆகியிருந்தது.

அன்றைக்கும் மறுநாளும் கன்னியம்மா பிழைப்பாளா என்று டாக்டரே சொல்லவில்லை. கால்மணிக்கு ஒன்று, அரைமணிக்கு ஒன்று என்று ஊசி போனது. புருஷன் படியில் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். நான் வராந்தாவில் நின்று அழுதேன்.

கன்னியம்மா விழுந்த அன்று காலையே அந்தச் சரக்கில் நூறு டம்ளர் போல வார்த்து அடுக்கியிருந்தார்கள். எல்லாம் கையகலத்துக்குச் சின்ன டம்ளர்கள். மழுங்கிய விளிம்பு, குழந்தை வாயில் குத்தக் கூடாது என்று. சார் தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினார். பின்பக்கம் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். அவை பால்வாடிக்குப் போயிருந்தால் என்ற நினைப்பை நான் இன்றுவரை முழுதாக நினைத்து முடித்ததில்லை.

கன்னியம்மா பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த அன்று முதலாளி என்னையும் சாரையும் கூப்பிட்டார். நல்ல மனுஷர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரிச் செலவை அவர்தான் ஏற்றுக்கொண்டிருந்தார். சார் உட்காரவில்லை. ராஜிநாமாக் கடிதத்தை மேஜைமேல் வைத்தார். தன் மூக்கு போய்ப் பல வருஷம் ஆகிறது, மறைத்தது தப்பு, எஸ்தர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று மனப்பாடம் செய்தவர்போலச் சொல்லி முடித்தார். நான் அவர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

முதலாளி கடிதத்தைப் பிரிக்காமலேயே திருப்பி நீட்டினார்.

"உக்காருங்க ஞானமுத்து. பிரஸ் மோட்டார் கருகி ஷெட்டே நாறினப்ப, பக்கத்துல நின்னு நீங்க பாட்டுக்கு காபி குடிச்சுக்கிட்டிருந்தீங்களே, அன்னிக்கே எனக்குத் தெரியும். அதுக்குத்தானே இந்தப் பொண்ணை உங்க பக்கத்துல நிக்க வெச்சேன்? வெளியில உங்க பேரு, உள்ளே இவ மூக்கு. மூணு வருஷம் நல்லாத்தானே ஓடிச்சு?"

சாரின் கை கடிதத்தைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றது. இத்தனை நாள் அவர் ஒளித்தது எவருக்குத் தெரியக் கூடாதென்று பயந்தாரோ, அந்த முதலாளிக்கே முன்பே தெரிந்திருக்கிறது. நான் பட்டம் வாங்கியதற்காகக் கிடைத்த வேலை என்று பெருமைப்பட்டுக்கொண்டு ரயிலேறி வந்தது இதற்குத்தானா என்று நினைத்தேன். நான் செய்கிற வேலை என்ன என்று எனக்கே தெரியாமல் மூன்று வருஷம் அந்த வேலையை என்னிடம் வாங்கியிருக்கிறார்கள். அது தெரிந்திருந்தால் அந்த எட்டு மூட்டையை நான் தொட்டிருக்கவே மாட்டேன். எனக்கு இன்றைக்கு மூக்கு இல்லை, வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம்கூட இல்லை.

"ஜலதோஷம்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"ஸாரி சார்" என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் அவரும் வேலைக்கு வந்தார், நானும் வந்தேன். ஒரே ஒரு மாற்றம் செய்தேன். பதிவேட்டில் வாசனை என்ற கட்டத்தை மூன்றாகப் பிரித்து, கொட்டகைப் பெண்களில் இரண்டு பேரும் நானும் மோந்து பார்த்த பிறகுதான் எழுதுவது என்று ஆக்கினேன். சார் அதற்குக் கீழே மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். ஒன்றரை மாதம் கழித்துக் கன்னியம்மாவும் திரும்பி வந்தாள். அவளைத் தொட்டியில் விடாமல் தரம் பிரிக்க உட்கார வைத்தேன். டம்ளர் பிடித்தால் விரல் கொஞ்சம் நடுங்கும். மற்றபடி பழைய கன்னியம்மாதான். என்னைவிட அவளுக்குத்தான் மூக்கு கூர்மை என்பதும் பிறகு தெரிந்தது. பதினோரு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து மோந்து பார்த்தாள், என் வீட்டுக் கல்யாணங்களுக்கு வந்தாள், அவள் பெண்களின் கல்யாணத்துக்கு நான் போனேன். முதலாளியிடம் அத்தனை சுலபமாகச் சொன்ன அந்த ஸாரியை, அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவளிடம் நான் சொல்லவில்லை.